கதவைப் பூட்டினால் போதுமா? பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லங்களைப் பாதுகாப்பது எப்படி

பெருந்தொற்று என்றதும் முதியோர் இல்லங்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் கிளம்பிவிடும். "வெளியாள் யாரையும் விடாமல் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பத்திரம்" என்பது ஒன்று. "வயதானவர்கள், வந்தால் தாங்கமாட்டார்கள், நாம் என்ன செய்ய முடியும்" என்பது இன்னொன்று. முதலாவது பாதுகாப்பை மிக எளிதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது முயன்று பார்க்காமலே கைவிடுகிறது. கோவிட்-19 காலத்தில் இந்த இரண்டு எண்ணங்களாலும் உயிர்கள் போயின. நோய் எந்த வழியாக வருகிறது, உள்ளே எப்படி நகர்கிறது, எந்த இடத்தில் மறிக்கலாம் என்பது புரிந்துவிட்டால் செய்ய வேண்டியவை தெளிவாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய கருவிகள்கூடத் தேவையில்லை.

கொசுவலையை நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுக்கிறோம். ஆனால் ஒரு கொசு ஏற்கெனவே உள்ளே இருந்தால்? அந்த வலையே கொசுவை நம்மோடு சேர்த்து அடைத்து வைத்துவிடும். அதற்காக வலை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். படுக்குமுன் உள்ளே உதறிப் பார்ப்போம். இரவில் எழுந்து போய்வரும்போது வலையை எவ்வளவு தூக்குகிறோம், எத்தனை முறை தூக்குகிறோம் என்று கவனிப்போம். பூட்டிய முதியோர் இல்லத்தின் நிலையும் இதுதான். பூட்டிய பிறகும் அந்த வலை ஒரு நாளில் பல பத்து முறை தூக்கப்படுகிறது. தூக்குபவர்களைத் தடுக்கவும் முடியாது, ஏனென்றால் அவர்கள்தான் அங்கிருப்பவர்களுக்குச் சோறூட்டுபவர்கள்.

நோய் உள்ளே வரும் வழி

40 பேர் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்கு எழுந்து உட்கார, குளிக்க, கழிவறை போக, சாப்பிட இன்னொருவர் கை வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு 8 முறை என்று வைத்தாலும் 160 முறை ஒருவர் முகத்துக்கு அருகே இன்னொருவர் முகம் வருகிறது. இதை இரண்டு மீட்டர் தள்ளி நின்று செய்ய முடியாது. தொட்டுச் செய்வதுதான் பராமரிப்பு. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் எழுதிய இடைவெளி விதிகளை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் வேலை செய்யாததற்கு இதுவே காரணம்.

இந்த வேலையைச் செய்ய எல்லா ஷிப்ட்டும் சேர்த்து, சமையல், துப்புரவு உட்பட, நாளுக்கு 30 பேர் வந்துபோகிறார்கள் என்போம். ஊரில் 1,000 பேரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், அந்த 30 பேரில் ஒருவராவது தொற்றோடு நுழையும் வாய்ப்பு ஏறக்குறைய 3 விழுக்காடு. ஊரில் 100 பேரில் ஒருவருக்கு என்று பரவல் கூடினால் அதே வாய்ப்பு 26 விழுக்காடு, அதாவது நாலு நாளில் ஒரு நாள். வந்துபோகும் ஊழியர்கள் 60 பேர் என்றால் 45 விழுக்காடு. இது வெறும் பெருக்கல் கணக்குதான். ஆனால் இரண்டு முக்கியமான செய்திகள் இதில் இருக்கின்றன. ஊரில் பரவல் கட்டுக்கு மீறினால் எவ்வளவு நல்ல இல்லமும் தப்புவது கடினம். அடுத்தது, ஓர் இல்லத்துக்குள் நுழையும் வெவ்வேறு ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பது நேரடியான பாதுகாப்பு.

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கிங் கவுண்டியில் ஒரே ஒரு பராமரிப்பு இல்லத்தோடு தொடர்புடைய தொற்று, மார்ச் 18 கணக்குப்படி அங்கே தங்கியிருந்த 101 பேரையும் ஊழியர்கள் 50 பேரையும் வருகையாளர்கள் 16 பேரையும் பிடித்திருந்தது. ஆராய்ந்தபோது தெரிந்த காரணங்களில் இரண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடம்பு சரியில்லாமலே ஊழியர்கள் வேலைக்கு வந்திருந்தார்கள்; சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள்.

ஏன் அப்படி வந்தார்கள் என்று கேட்காமல் அவர்களைக் குறை சொல்வது அநியாயம். பகுதிநேரச் சம்பளம் போதாதவர் இரண்டு இடத்தில் வேலை செய்கிறார். விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்றால் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2020 மார்ச் இறுதியில் "ஒரு ஊழியர், ஒரே இல்லம்" என்று ஆணையிட்டபோது, கூடவே இல்லங்களுக்கிடையே இருந்த சம்பள வித்தியாசத்தையும் சமன் செய்தது. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நிற்காது. ஆணை மட்டும் வந்தால் ஊழியர் இரண்டாவது வேலையை மறைப்பார், அல்லது முதல் வேலையை விடுவார். ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பைப் பலர் நலத்திட்டமாகப் பார்க்கிறார்கள். முகக்கவசத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய தொற்றுத் தடுப்புக் கருவி அது.

இதுவரை பார்த்தது: நோய் பெரும்பாலும் உள்ளே வருவது வேலைக்கு வருபவர்களோடு. அவர்களைத் தவிர்க்க முடியாது. ஆகவே எத்தனை பேர், எத்தனை இல்லங்களுக்கு, எந்த உடல்நிலையில் போகிறார்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

வாசலில் வெப்பமானி ஏன் போதாது

தொற்று உடலுக்குள் பெருகி, மூச்சோடும் பேச்சோடும் வெளியேறவும் தொடங்கிவிட்டது. ஆனால் காய்ச்சலோ இருமலோ இன்னும் இல்லை. இந்த இடைப்பட்ட காலத்தை முன்னறிகுறி நிலை என்கிறோம். கோவிட் இவ்வளவு அமைதியாக இல்லங்களுக்குள் பரவியது இதனால்தான். வாஷிங்டன் மாநிலத்திலேயே இன்னோர் இல்லத்தில் தங்கியிருந்த 76 பேரைப் பரிசோதித்தபோது 48 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த 48 பேரில் 27 பேருக்குச் சோதனை நாளில் எந்த அறிகுறியும் இல்லை. அவர்களில் 24 பேருக்குப் பிறகு அறிகுறிகள் தோன்றின. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டுவது இந்த 27 பேரில் ஒருவரையும் பிடித்திருக்காது.

முதியவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. வயது ஏற ஏற நோயெதிர்ப்பு அமைப்பு மெதுவாகிறது. உடல் தொற்றோடு சண்டை போடும்போது எழும் காய்ச்சல், உடல்வலி போன்ற அடையாளங்களும் மங்கிவிடும். பலருடைய இயல்பான உடல் வெப்பமே இளையவர்களைவிடக் குறைவு. ஆகவே 38 டிகிரி செல்சியஸ் தாண்டட்டும் என்று காத்திருந்தால் இரண்டு நாள் போய்விடும். பராமரிப்பு இல்லங்களுக்கான அளவுகோல் வேறு: ஒரே முறை 37.8, அல்லது திரும்பத் திரும்பப் பார்த்தபோது 37.2க்கு மேல், அல்லது அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி கூடுதல். இந்த மூன்றில் எது வந்தாலும் காய்ச்சல்தான். மூன்றாவதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அவருடைய வழக்கமான அளவு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். நோய் ஊருக்குள் வருமுன்னரே ஒரு வாரம் ஒவ்வொருவருக்கும் காலை மாலை வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த ஆக்சிஜன் அளவு மூன்றையும் குறித்துவைப்பது அதற்காகத்தான்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழே வந்தாலோ, அவருடைய வழக்கத்தைவிட 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் கருவியை மாட்டிய உடனே தெரியும் எண்ணை எழுதிவிடக் கூடாது. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, நடுங்கும் கை எல்லாமே எண்ணைக் கெடுக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஆடாமல் நிற்கும்வரை அரை நிமிடமாவது காத்திருந்து எழுத வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் மூச்சு வாங்குகிறார், எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

எண்களுக்கு முன்னால் மாறுவது நடத்தை. நேற்றுவரை தானே எழுந்து உட்கார்ந்தவர் இன்று எழவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். இரண்டு நாளில் இரண்டு முறை விழுந்தார். மகளின் பெயர் திடீரென்று குழம்புகிறது. இப்படிச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பத்துக்குத் திடீர்க் குழப்பநிலை என்று பெயர். மாதக்கணக்கில் மெதுவாக வளரும் மறதிநோய் வேறு, இது வேறு. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று இதை ஒதுக்குவதுதான் இல்லங்களில் அதிகம் நடக்கும் தவறு. தினமும் உடை மாற்றிவிடும் பணியாளர் "இவங்க இன்னைக்கு என்னவோ மாதிரி இருக்காங்க" என்று சொன்னால், அந்த வாக்கியம் அப்படியே பதிவேட்டில் ஏற வேண்டும், அன்றே பரிசோதனை நடக்க வேண்டும்.

முதல் நோயாளி தெரிந்த அன்று

ஒருவருக்குத் தொற்று உறுதியானது என்றால், அது அவரோடு நிற்கிறது என்று நினைக்கக் கூடாது. தெரியாத இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறி உள்ளவர்களை மட்டும் சோதித்தால் மேலே சொன்ன 27 பேரைப் போன்றவர்கள் தப்பிவிடுவார்கள். அந்தப் பகுதியில் தங்கியிருப்பவர்கள், ஊழியர்கள் எல்லோரையும் சோதித்து, 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்து, 14 நாள் தொடர்ந்து புதியவர் யாரும் இல்லை என்ற பிறகே நிறுத்த வேண்டும். வைரஸின் மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் ஆர்டி-பிசிஆர் மிக நுட்பமானது, ஆனால் ஆய்வகம் வேண்டும். வைரஸின் புரதத்தை நேரடியாகத் தேடும் விரைவுச் சோதனை சில தொற்றுகளைத் தவறவிடும், ஆனால் கால் மணி நேரத்தில் முடிவு தரும். ஐந்து நாள் கழித்து வரும் பிசிஆர் முடிவைவிட இன்றே கிடைக்கும் விரைவுச் சோதனை பல நேரங்களில் பயன்தரும். அந்த ஐந்து நாளும் பணியாளர் ஒவ்வோர் அறையாகப் போய்வந்துகொண்டிருப்பார் அல்லவா?

பிறகு இல்லத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தொற்று உறுதியானவர்கள் சிவப்பு. அவர்களோடு அறையைப் பகிர்ந்தவர்கள், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், அதாவது தொற்றியிருக்கலாம் ஆனால் தெரியவில்லை என்பவர்கள், மஞ்சள். மற்றவர்கள் பச்சை. இதில் மிகக் கடினமான கேள்வி மஞ்சள் நிற ஆள்தான். இருவர் இருந்த அறையில் ஒருவருக்கு நோய். மற்றவரை எங்கே வைப்பது? அவசரத்தில் அவரைக் காலியாக உள்ள இன்னொரு பச்சை அறையில், வேறொருவரோடு படுக்கவைப்பார்கள். நோய் அடுத்த பகுதிக்குப் போவது இந்த வழியில்தான். "எப்படியும் வந்திருக்கும்" என்று சிவப்புப் பகுதியில் சேர்ப்பதும் தவறு. வராமலிருந்தவருக்கு அங்கே வந்துவிடும். மஞ்சள் ஆளுக்குத் தனி அறை வேண்டும். இல்லையென்றால் நோயாளியைச் சிவப்புக்கு மாற்றிவிட்டு, இவர் பழைய அறையிலேயே தனியாக இருக்கட்டும். இதற்காக எப்போதும் இரண்டு மூன்று அறைகளைக் காலியாக வைத்திருக்கும் இல்லம் நஷ்டத்தில் ஓடுவதாகத் தோன்றும். தேவைப்படும் இரவில்தான் அதன் மதிப்பு தெரியும்.

நான்கு பேர் ஓர் அறையிலிருக்கும் இல்லங்களில் இந்தப் பிரிப்பே நடக்காது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் முதல் அலையை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: நெரிசல் அதிகமான இல்லங்களில் தங்கியிருந்தவர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும், நெரிசல் குறைந்த இல்லங்களில் 4.5 விழுக்காட்டினருக்கும் தொற்று. இறப்பும் இரு மடங்கு. கட்டடம் கட்டும்போது எடுத்த முடிவு பல ஆண்டு கழித்து உயிரைத் தீர்மானிக்கிறது.

ஊழியர்களும் பிரிய வேண்டும். சிவப்புக்குப் போகும் பணியாளர் பச்சைக்குப் போகக் கூடாது. பகலில் இது நன்றாகவே நடக்கும். இரவு ஷிப்ட்டில் மொத்த இல்லத்துக்கும் ஒரே நர்ஸ் என்றால் திட்டம் அங்கே உடைந்துவிடும். அப்படி ஒரே ஆள்தான் என்றால் வரிசையாவது மாறக் கூடாது: முதலில் பச்சை, அடுத்து மஞ்சள், கடைசியில் சிவப்பு. ஊழியர்கள் ஓய்வறையையும் மறக்கக் கூடாது. எட்டு மணி நேரம் முகக்கவசத்தோடு கவனமாக இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சன்னலில்லாத சின்ன அறையில் பேசிக்கொண்டே சாப்பிடும் அரைமணி நேரம் மற்ற எல்லாக் கவனத்தையும் வீணாக்கிவிடும். இடைவேளையைப் பிரித்துவிட்டு, திறந்த வெளியில் நாற்காலி போடுவதே இதற்கு நல்ல தீர்வு.

காற்றைக் கணக்கிடுதல்

மூச்சில் வரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். ஓர் அறையின் மொத்தக் காற்றளவுக்குச் சமமான தூய காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உள்ளே வருகிறது என்பதைக் காற்று மாற்ற வீதம் என்கிறோம். வீதம் 6 என்றால் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு வெளியேற சுமார் 46 நிமிடம் ஆகும். 12 என்றால் 23 நிமிடம்.

சுவரில் மாட்டிய சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. அதே காற்றைக் குளிராக்கித் திரும்ப விடும். ஏசி ஓடுகிறது, காற்று வருகிறது என்று சன்னலை மூடிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. காற்றோட்டம் போதுமா என்று பார்க்கக் கரியமில வாயு அளவி உதவும். வெளியே அது 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் காட்டும். ஆட்கள் இருக்கும் அறையில் 800க்குக் கீழே இருந்தால் காற்றோட்டம் நன்று. 1,500 காட்டினால் அடுத்தவர் விட்ட மூச்சை நாம் இழுக்கிறோம் என்று பொருள்.

சன்னல் திறக்க முடியாத அறைக்கு நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுத் தூய்மைக் கருவி வாங்கலாம். வாங்குமுன் கணக்குப் போட வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு 6 முறை என்றால் 216 கன மீட்டர். பெட்டியில் "தூய காற்று வழங்கு வீதம்" (CADR) அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அந்த அறைக்கு அது போதாது. இந்தக் கருவி கரியமில வாயுவைக் குறைக்காது என்பதால், அளவியில் எண் இறங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

நோயாளி அறையிலிருந்து காற்று நடைபாதைக்கு வரக் கூடாது. சன்னலில் வெளியேற்றும் விசிறியை வைத்து, கதவை மூடி, கதவுக்கடியில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றைப் பிடித்துப் பார்க்கலாம். கீற்று அறைக்குள் இழுபட்டால் சரி. நடைபாதைப் பக்கம் ஆடினால், நோய்க் காற்று மற்றவர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. மேசை விசிறியை நோயாளியின் முகத்துக்குப் பின்னாலிருந்து கதவை நோக்கி வைப்பதால்தான் பல நேரம் இப்படி ஆகிறது.

கை, கையுறை, பிளீச்

கையுறை கையைப் பாதுகாக்கும், அடுத்த நோயாளியைப் பாதுகாக்காது. ஒரே கையுறையோடு மூன்று கட்டில்களைப் பார்ப்பவர், வெறும் கையோடு கழுவிக் கழுவிப் பார்ப்பவரைவிட ஆபத்தானவர். ஓர் ஆள், ஒரு கையுறை. கழற்றியதும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்: சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி.

பாதுகாப்பு உடையை அணியும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தொற்று ஒட்டுவது கழற்றும்போது. களைத்துப்போய், வியர்த்து, சீக்கிரம் முகத்தைத் துடைக்க வேண்டும் என்று தோன்றும் நேரம் அது. வரிசை இப்படி: முதலில் கையுறை, அடுத்து கவுனை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுவது, கை சுத்தம், கண் கவசத்தைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்து எடுப்பது, அறைக்கு வெளியே வந்த பிறகு முகக்கவசத்தைக் காதுப் பக்கத்து நாடாவைப் பிடித்துக் கழற்றுவது, மறுபடி கை சுத்தம். முகக்கவசம் ஏன் கடைசி? மற்றவற்றைக் கழற்றும்போதும் அந்த அறையின் காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறோம். இந்த வரிசையைப் பெரிய படமாக வரைந்து கழற்றும் இடத்தில், கண் மட்டத்தில் ஒட்டுவது ஒருநாள் பயிற்சியைவிட நின்று வேலை செய்யும்.

பரப்புகளைத் துடைக்க 0.1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சில் இருக்கும் கிருமிநாசினி) போதும். ஒரு லிட்டர் தயாரிக்க, 100ஐ பாட்டிலில் எழுதியிருக்கும் விழுக்காட்டால் வகுத்தால் எத்தனை மில்லி பிளீச் என்று வரும். 5 விழுக்காடு பிளீச் என்றால் 20 மில்லி, மீதி 980 மில்லி தண்ணீர். ரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு ஐந்து மடங்கு வலு வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்தது இன்று வலுவிழந்திருக்கும். அழுக்கை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுக்காமல் மேலே ஊற்றினால், அழுக்கே பிளீச்சைத் தின்றுவிடும். கழிவறை ஆசிடோடும் அமோனியா கலந்த சுத்திகரிப்பானோடும் இதைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஆட்கள்மேல் தெளிக்கவும் கூடாது. மூச்சுக் கோளாறு உள்ள முதியவருக்கு அதுவே போதும் ஆபத்து. தரையைவிடக் கை படும் இடங்கள் முக்கியம்: கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி, அழைப்பு மணி, வாக்கரின் கைப்பிடி, டிவி ரிமோட், ரத்த அழுத்தக் கருவியின் பட்டை.

ஆள் இல்லாமல் எதுவும் நடக்காது

மேலே சொன்ன எதையும் செய்ய நேரம் வேண்டும், கை வேண்டும். விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு ஒருவேளை உணவூட்ட 25 நிமிடம் ஆகும். அப்படி 12 பேர் இருந்தால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். ஒருவேளைக்கு மட்டும் இது. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க ஐந்து பேர் வேண்டும். ஊழியர்களில் மூன்றில் ஒருவர் நோயில் படுத்தால் இருவர் குறைவார்கள். அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். அதிலிருந்து நிமோனியா வரும். 2020 வசந்த காலத்தில் கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ மாகாணங்களில் இல்லங்களுக்குள் ராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. வைரஸோடு சேர்ந்து, தண்ணீர் கொடுக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆளில்லாத நிலையும் அங்கே இருந்தது.

இதற்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் வேண்டும். மூன்றில் ஒருவர் வராவிட்டால் எந்த வேலை நிற்கக் கூடாது? மருந்து, தண்ணீர், உணவு, கழிவறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல். எது தள்ளிப்போகலாம்? படுக்கைவிரிப்பு மாற்றும் நாள், தலைக்குளியல், அலுவலகப் பதிவுகள். உணவூட்டவும் வீல்சேர் தள்ளவும் பயிற்சி பெற்ற அலுவலக ஊழியர்கள், குடும்பத்தினர் யார் யார் என்ற பெயர்களும் தொலைபேசி எண்களும் அதிலேயே இருக்க வேண்டும்.

அறைக்குள் அடைத்தால் என்ன ஆகும்

ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துச் செய்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. இரண்டு வாரம் அறைக்குள்ளேயே இருந்தவர் நோயே வராமல் நடக்க முடியாதவராகிவிடலாம். பிறகு விழுவார், எலும்பு முறியும். இதை யாரும் பெருந்தொற்றுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே தனிமையில் வைக்கும் ஒவ்வொருவருக்கும் கூடவே ஓர் அட்டவணை தர வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று உட்காருவது 5 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. முடியாதவருக்கு உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவது. தாகம் தோன்றுவது வயதோடு குறையும் என்பதால், கேட்கும்வரை காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையில் டம்ளரைக் கொடுக்க வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே.

மறதிநோய் உள்ளவர் அறையில் இருக்கமாட்டார். முகக்கவசம் போடமாட்டார், போட்டாலும் கழற்றிவிடுவார். கட்டிப்போடுவதும் தூக்க மருந்தால் அமர்த்துவதும் விழுதல், படுக்கைப்புண், நிமோனியா எல்லாவற்றையும் கூட்டும். அவர் எந்த நேரத்தில் நடக்கிறார் என்று கவனித்து, அந்த நேரத்தில் ஒரு பணியாளர் கூடவே நடப்பதும், நடைபாதையின் சன்னல்களைத் திறந்துவைப்பதும், அவர் தொட்ட இடத்தை உடனே துடைப்பதும்தான் முடிந்த வழி. அவர் முகக்கவசம் போடாததை ஈடுகட்ட, அருகில் இருக்கும் ஊழியரின் முகக்கவசம் நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

குடும்பத்தினர் வருகையும் இப்படித்தான். பார்வையாளர் என்று நாம் அழைக்கும் பலர் தினமும் வந்து சோறூட்டும் மனைவி, நடக்கவைக்கும் மகன். அவர்களைத் தடுத்தால் அந்த வேலை யார் தலையில் விழும்? ஏற்கெனவே ஆள் குறைந்த ஊழியர்கள்மேல். நெதர்லாந்தில் 2020 மார்ச்சில் நாடு முழுவதும் வருகை தடைசெய்யப்பட்டது. மே மாதம் 26 இல்லங்களில், ஒருவருக்கு ஒரு வருகையாளர் என்ற கட்டுப்பாட்டோடு சோதனையாகத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த இல்லங்களில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு பெயர் குறித்த பராமரிப்பு உறவினர், ஊழியருக்கு உள்ள அதே பயிற்சி, அதே சோதனை, அதே முகக்கவசம்: இது கட்டுக்குள் வைக்கக்கூடிய ஆபத்து. இறுதி நாட்களில் இருப்பவரிடம் குடும்பத்தை விடாமலிருப்பதற்கு எந்தத் தொற்றுத் தடுப்பு நியாயமும் போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதுவரை பார்த்தது: தனிமைப்படுத்துவதும் ஒரு மருந்துதான். அளவு, காலம், பக்கவிளைவு மூன்றையும் குறித்தே கொடுக்க வேண்டும்.

தடுப்பூசி

முதியவரின் உடல் தடுப்பூசிக்குக் காட்டும் எதிர்வினை இளையவரைவிடக் குறைவு. ஆகவே கூடுதல் தவணைகள் தேவைப்படுகின்றன, அவரைச் சுற்றியுள்ள ஊழியர்களும் போட்டிருக்க வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹாங்காங் காட்டியது. 2003இல் பரவிய சார்ஸ் என்ற சுவாசத் தொற்று தந்த பாடத்துக்குப் பிறகு அங்கே ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்கென ஓர் அலுவலர் உண்டு. 2020இன் முதல் மாதங்களில் இல்லங்கள் பாதுகாப்பாகவே இருந்தன. ஆனால் 2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் என்ற கோவிட் திரிபு வந்தபோது 80 வயது தாண்டியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு தவணை முடித்திருக்கவில்லை. இல்லங்களில் இறப்பு குவிந்தது.

மருத்துவமனைக்குப் போவதும் திரும்புவதும்

யாரை மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதை நள்ளிரவில், மூச்சு வாங்கும்போது, அறிமுகமில்லாத மருத்துவர் முடிவு செய்யும்படி விடக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒவ்வொருவரிடமும், அவர் விரும்பினால் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேச வேண்டும்: செயற்கைச் சுவாசம் வேண்டுமா, மருத்துவமனை போக விருப்பமா, எது அவருக்கு முக்கியம்? சொன்னது தேதியோடு கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். இல்லத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி "இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம்" என்று மொத்தமாக எழுதுவது அநீதி. அது ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு.

போகும்போது மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம், அவருடைய வழக்கமான ஆக்சிஜன் அளவு, குடும்பத்தினர் எண் ஆகியவற்றோடு மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றும் பெயரெழுதிய ஒரே டப்பாவில் கூடப் போக வேண்டும். இவை இல்லாமல் போனவர் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார், சாப்பிடமாட்டார். மருத்துவமனையில் அவரை மறதிநோயாளி என்று எழுதிவிடுவார்கள்.

திரும்பும் வழியும் நோய் நுழையும் வழிதான். இங்கிலாந்தில் 2020 மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோரையும் சோதித்தபின் அனுப்புவது என்ற விதி அதன் பிறகே வந்தது. திரும்புபவரைச் சோதனை செய்த பின்னும் சில நாள் மஞ்சள் அறையில் வைக்க வேண்டும். வந்த முதல் நாளே எடை, எழுந்து நிற்கும் திறன், விழுங்கும் திறன், குதிகாலிலும் இடுப்பு எலும்புப் பகுதியிலும் உள்ள தோல் ஆகிய நான்கையும் பார்த்து எழுத வேண்டும். போனபோது இருந்த உணவு முறையும் நடை உதவியும் திரும்பும்போது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.